அப்பாவின் ஓட்டைக் கேலி செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர், எத்தனை தடவை ஏமாந்தாலும் அதே சின்னத்தில் போய்க் குத்துகிற கொத்தடிமைகள் இருக்கிறவரை இந்த நாடு உருப்படாது என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவர் திட்டியது என் அப்பாவை. பெயர்தான் சொல்லவில்லை, மற்றபடி அவர் சொன்ன அடையாளம் எல்லாம் அப்பாவுக்குப் பொருந்துகிறது: கரை வேட்டி, சட்டைப் பையில் தலைவர் படம், ஓட்டுப் போடுகிற அன்று காலை ஏழு மணிக்கே வரிசையில் முதல் ஆள்.

நாங்கள் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. அப்பா எழுபது வயதைத் தாண்டியவர், 1977இல் முதல் ஓட்டுப் போட்டார், அன்றிலிருந்து இன்றுவரை ஒரே சின்னம். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் "ஓ, அந்தக் கட்சியா, அவங்க அப்படித்தான்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், மீதிப் பேர் எங்கள் கட்சிமேல் சேறு பூசுகிறான் என்று கோபப்படுவார்கள், நான் சொல்ல வந்தது இரண்டு பேருக்கும் போய்ச் சேராது. இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

எங்கள் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு காட்டாறு ஓடுகிறது. சித்திரை வைகாசியில் அது வெறும் மணல், ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் யாராவது இறந்தால் பாடையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். பாலம் கட்டித் தருகிறோம் என்று அப்பாவின் கட்சி வேட்பாளர்கள் மூன்று தேர்தலில் சொன்னார்கள். அதில் இரண்டு தேர்தலில் ஜெயித்தார்கள், ஆட்சியும் அவர்களுடையதுதான். இரண்டு முறை டேப் வைத்து அளந்தார்கள், ஒரு முறை கல் நட்டார்கள். அந்தக் கல் இன்னும் இருக்கிறது. பெரியப்பா ஒரு கார்த்திகை மாதத்தில் இறந்தார். விடாத மழை, தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பாடை தூக்கிய ஆறு பேரில் அப்பாவும் ஒருவர். நடு ஆற்றில் முன்னால் போனவருக்குக் கால் வழுக்கியது, பாடை ஒரு பக்கம் சாய்ந்து பெரியப்பாவின் முகத்தில் தண்ணீர் அடித்தது. அன்று அப்பா அழுதது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்து வந்த தேர்தலிலும் அதே சின்னம். எனக்குத் தாங்கவில்லை, கேட்டேவிட்டேன். "பாலம் கட்டாதது தப்புதான்டா, நான் இல்லேங்கல. அதுக்காக அவனுங்களுக்குப் போடச் சொல்றியா?" என்றார்.

இந்தப் பதிலை நான் பல வருஷம் முட்டாள்தனம் என்றே நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் விஷயம், அப்பா அந்தக் கட்சிக்குப் பட்டிருக்கிற கடன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆத்தாவுக்கு நடுராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனது. ஊரில் வண்டி கிடையாது. கட்சியின் கிளைச் செயலாளர்தான் சைக்கிளில் பட்டுக்கோட்டை வரைக்கும் போய் ஒரு வேன் பிடித்து வந்து, கூடவே தஞ்சாவூர் வரை வந்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை எல்லாம் வேரோடு சாய்த்துப் போட்டதே, அப்போதும் மூன்றாம் நாள் அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்து இறக்கியது கிளைக் கட்சிப் பையன்கள்தான். அப்பாவுக்குக் கட்சி என்றால் சென்னையில் இருக்கிற தலைமையகம் இல்லை, மந்திரி இல்லை. அந்தச் சைக்கிளும் இந்தத் தார்ப்பாயும்தான். அந்த உதவி கட்சிப் பணத்திலா வந்தது, அந்த மனிதர்களின் நல்ல குணத்தில் வந்தது இல்லையா என்று நான் வாதம் செய்திருக்கிறேன். வாதத்தில் நான் ஜெயிப்பேன், ஆனால் நன்றி வாதத்துக்குக் கட்டுப்படுகிற சாமான் இல்லை.

அதைவிட ஆழமானது ஒன்று. அப்பா நாலாவதோடு படிப்பை நிறுத்தியவர். சிறுவயதில் மிராசுதார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேச வேண்டும். ஊர்க் கடைத்தெருவில் கட்சிப் படிப்பகம் என்று ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள், அதில் ஒரு பெஞ்சு, ஒரு பேப்பர். அந்தப் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அப்பா எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கக் கற்றது அங்கேதான். ஒரு மாநாட்டில் மாவட்டச் செயலாளர் இவரைத் தோளில் கைபோட்டு "வாங்கண்ணே" என்றாராம். நாற்பது வருஷம் ஆகியும் அதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது. திண்ணைக்குக் கீழே நின்றவனைப் பெஞ்சில் உட்காரவைத்த கட்சியை, ஒரு பாலத்துக்காக விட்டுவிடு என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்பது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்புறம், நம் ஊர் அரசியல் ஆரம்பத்திலிருந்தே உறவுமுறை வைத்துத்தான் பேசியிருக்கிறது. அண்ணா தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாரும் தம்பி. கலைஞர் முரசொலியில் எழுதியது உடன்பிறப்புக்கு. எம்ஜிஆர் மேடையில் ஏறினால் "என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே" என்பார், கூட்டம் அழும். ஜெயலலிதா எல்லாருக்கும் அம்மா. இது வெறும் மேடை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்காரன் சரியில்லை என்றால் மாற்றலாம். அண்ணன் சரியில்லை என்றால்? திட்டுவோம், பேச்சை நிறுத்துவோம், ஆனால் அடுத்த வீட்டுக்காரன் வந்து அண்ணனைத் திட்டினால் சண்டைக்குப் போய்விடுவோம். 1984இல் எம்ஜிஆர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆண்டிபட்டியில் ஜெயித்தார், ஒரு நாள்கூடப் பிரச்சாரத்துக்கு வரவில்லை. அதை ஓட்டு என்பதைவிட, வீட்டுப் பெரியவருக்கு முடியவில்லை என்றதும் ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது என்றுதான் சொல்வேன்.

எண்களைப் பார்த்தாலும் இது தெரியும். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் திமுகவுக்கு 2 இடம்தான், ஆனாலும் 22 சதவீத ஓட்டு வாங்கியிருந்தது. 1996இல் அதிமுக மீது ஊரே கொதித்துப்போய் இருந்தது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், கட்சிக்குக் கிடைத்தது 4 இடம், அப்போதும் 21 சதவீதம். 2011இல் திமுக பிரதான எதிர்க்கட்சி என்ற இடத்தைக்கூட இழந்து 23 இடத்துக்கு வந்தது, ஓட்டு 22 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை, 20 சதவீதம் குறையாமல் நின்றது. கூட்டணி, போட்டியிட்ட இடங்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு என்பதால் இவற்றை ஒன்றோடொன்று அப்படியே ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளத்தில் ஊர் முழுகினாலும் தலை தெரிகிற மேடு மாதிரி, ஒவ்வொரு பெரிய கட்சிக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு அப்படியே கிடக்கிறது. அந்த மேட்டில்தான் என் அப்பா நிற்கிறார். அவருக்கு எதிர்வரிசையில் இன்னொரு மேட்டில் அவரைப் போலவே இன்னொரு அப்பா நிற்கிறார்.

இவர்களுக்கு ஏமாற்றம் தெரியவில்லை என்று நினைப்பதுதான் அந்தக் கடிதம் எழுதியவர் செய்கிற தப்பு. நன்றாகத் தெரிகிறது, வலிக்கிறது. 2009 ஏப்ரல் 27 அன்று கலைஞர் இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் தொடங்கி மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். அடுத்த மூன்று வாரம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது. எனக்குத் தெரிந்த திமுக நண்பர்கள் அந்த நாட்களில் சாப்பாடு இறங்காமல் இருந்தார்கள். மே 13 அன்று மக்களவைத் தேர்தல் ஓட்டுப் பதிவு, தமிழ்நாட்டின் 39 தொகுதியில் 27 அந்தக் கூட்டணிக்கே வந்தது. என் நண்பர்களும் அதற்குத்தான் போட்டார்கள். இந்தப் பக்கம் 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குத் தண்டனை கொடுத்தது, தொண்டர்கள் மொட்டை போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்தார்கள். மறு வருஷம் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2016இல் மறுபடி அவர் ஆட்சியைப் பிடித்தார், 1984க்குப் பிறகு ஆளுங்கட்சியே திரும்ப வந்தது அதுதான் முதல் தடவை. அவர் இறந்த பிறகு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பே சரி என்றது. அதற்கப்புறமும் அவர் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

வலித்தாலும் மனசு ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. "தலைவர் நல்லவர்தான், சுத்தி இருக்கிறவங்க சரியில்ல." "இது மேலிடத்துக்குத் தெரிஞ்சிருக்காது." "அவனுங்க வந்தா மட்டும் என்ன கிழிச்சிருவானுங்க?" இந்த மூன்றையும் எந்தக் கட்சி அலுவலகத்து வாசலிலும் கேட்கலாம். இதில் மூன்றாவதைப் பொய் என்று ஒதுக்கவும் முடியவில்லை. டாஸ்மாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 தேர்தலில் ஒரு கட்சி முழு மதுவிலக்கு என்றது, இன்னொன்று படிப்படியாக என்றது. படிப்படியாக என்றவர்கள் ஆட்சிக்கு வந்ததும் 500 கடையை மூடினார்கள். 2023இல் மற்றவர்கள் ஆட்சியில் ஒரு 500 மூடினார்கள். கடைகள் இன்னும் இருக்கின்றன, புருஷன் குடித்துவிட்டு வருகிற வீட்டுப் பெண் எந்தச் சின்னத்தில் குத்தினாலும் சாயங்காலம் ஒன்றுதான். மாறிப் போட்டு என்ன கண்டோம் என்று அவள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இது எங்கள் ஊர் டீக்கடையில் பல வருஷம் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது.

அப்பா வீட்டில் இருக்கும்போது, இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது, தன் கட்சியை அவர் திட்டுவது மாதிரி எதிர்க்கட்சிக்காரன்கூடத் திட்ட மாட்டான். பாலத்துக்கு வந்த பணம் எங்கே போனது, ஒன்றியச் செயலாளர் எப்படி மாடி வீடு கட்டினார், பழைய ஆட்களை ஒதுக்கிவிட்டு நேற்று கட்சி மாறி வந்தவனுக்கு எப்படி சீட் கொடுத்தார்கள், எல்லாம் சொல்வார், தேதியோடு சொல்வார். காலையில் டீக்கடைக்குப் போவார். அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், எங்களுக்கு மச்சான் முறை, "என்ன மாமா, உங்க ஆளுங்க பாலம் கட்டிட்டாங்களா? சவம் நடந்தே போயிருமா?" என்பார். கடையே சிரிக்கும். அவ்வளவுதான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பாலம் ஏன் கட்டவில்லை என்பதற்குக் காரணம் அடுக்குவார். மத்திய அரசு நிதி தரவில்லை, டெண்டரில் கேஸ் போட்டுவிட்டார்கள், உங்கள் ஆட்சியில் மட்டும் என்ன செய்தீர்கள். தன் அண்ணனின் பாடை சாய்ந்த அந்த ஆற்றுக்கே வக்கீலாகிவிடுவார். வீட்டுக்கு வந்தால் முகம் செத்துப்போய் இருக்கும்.

இதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. கேலிதான் அவரை அந்தக் கட்சியோடு ஆணி அடித்து வைக்கிறது. இருநூறு ரூபாய்க்கு எழுதுகிறவன், அடிமை, சங்கி, ஆமை என்று இன்றைக்கு ஃபோனைத் திறந்தால் கொட்டுகிற வசவு எல்லாம் அந்த டீக்கடைச் சிரிப்புதான், என்ன, கடை பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு வசவும் ஒருவரைத் தன் கட்சியின் தப்புக்குக் காரணம் தேடவைக்கிறது. தப்பை ஒத்துக்கொண்டால் எதிரி சிரிப்பான் என்ற பயம் இருக்கிறவரை எந்த மனிதனும் ஒத்துக்கொள்ள மாட்டான். போன வாரக் கடிதம் எழுதிய அன்பர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அதை அப்பா படித்தார். படித்துவிட்டு அன்று சாயங்காலம் கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளைக் கூட்டத்துக்குப் போனார்.

இதில் நஷ்டம் யாருக்கு என்றால் அப்பாவுக்குத்தான், அதையும் நான் அவரிடம் மறைக்கவில்லை. 1989 முதல் 2011 வரை ஆறு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறி மாறித்தான் வந்தது. மாற்றியது மேட்டில் நிற்கிறவர்கள் இல்லை, நடுவில் இருக்கிறவர்கள். அதனால் தேர்தல் வந்தால் இரண்டு கட்சியும் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கின்றன. 2003இல் அதிமுக ஆட்சியில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை ஒரே அடியாக வேலையை விட்டுத் தூக்கப்பட்டார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள், வருமானத்தைக் காட்டி, இவர்களுக்கு ரேஷன் பொருள் கிடையாது என்று கார்டில் எச் முத்திரை குத்தினார்கள். 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் 39 தொகுதியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே இலவச மின்சாரம் திரும்ப வந்தது, எச் முத்திரை போனது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின, மதமாற்றத் தடைச் சட்டம்கூடத் திரும்பப் பெறப்பட்டது. அதிமுகவுக்கே காலமெல்லாம் போட்ட எங்கள் பக்கத்து விவசாயிகள் அதற்கு முன் எத்தனை மனு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். மனுவுக்கு அசையாதது தோல்விக்கு அசைந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப எங்க ஓட்டு இருக்குங்கறதாலதான் எங்கள எட்டிப் பாக்க மாட்டேங்கறானுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? டீக்கடைக்குப் போக முடியாது, சிரிப்பார்கள். எதிர்க்கட்சி மேடைக்குப் போக மாட்டார், செத்தாலும் போக மாட்டார். சொந்தக் கட்சியில் கேட்கலாம் என்றால் பொதுக்குழுவில் கைதட்டத்தான் அழைக்கிறார்கள். கிளைக் கூட்டத்தில் கேட்டால், யார் தூண்டிவிட்டது என்று திரும்பக் கேட்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் கேட்கத்தான் வேண்டும். உடன்பிறப்பு என்று கூப்பிட்டால் உடன்பிறப்புக்குப் பங்கு உண்டு, தம்பிக்கு அண்ணனிடம் கணக்குக் கேட்கிற உரிமை உண்டு. நம் வீடுகளில் கேட்காமலா இருக்கிறோம்? வரப்புத் தகராறுக்கு அண்ணன் தம்பி பஞ்சாயத்து வரைக்கும் போகிறோம், மறுநாள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறோம். கட்சிக்குள் மட்டும் ஏன் கேட்டவன் துரோகி ஆகிவிடுகிறான்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம் போதும், கட்சிக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். ஒரே நிபந்தனை, அவரவர் சொந்தக் கட்சியைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். திமுககாரர் திமுக எங்கே தவறியது என்று எழுதட்டும், அதிமுககாரர் அதிமுகவைப் பற்றி, பாமக, விசிக, காங்கிரஸ், பாஜக, கம்யூனிஸ்ட், நாம் தமிழர், எல்லாரும் அப்படியே. எதிர்க்கட்சிக்காரர் எழுதும் பதிலைப் போடவே போடாதீர்கள், அதுதான் முக்கியம். ஒருவர் தன் வீட்டுக் குறையைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரன் கைதட்டினால் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்க மாட்டார். பேர் போடப் பயப்படுகிறவர்களுக்குத் தொகுதி பேர் மட்டும் போடுங்கள். இரண்டு பக்கத்து மேடுகளிலிருந்தும் ஒரே பாலத்தைப் பற்றி, ஒரே டாஸ்மாக்கைப் பற்றிக் கடிதம் வர ஆரம்பித்தால் எந்த மாவட்டச் செயலாளரும் அதை எதிரியின் சதி என்று தள்ளிவிட முடியாது.

இதை அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் முடியாது என்றார், "கட்சிய பேப்பர்ல இழுக்கறதா" என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து, எதிர்க்கட்சிக்காரன் பதில் போட மாட்டார்கள் என்பது உறுதிதானா என்று கேட்டார். நேற்று ராத்திரி என் பையனுடைய நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே இடது மூலையில் கட்சி உறுப்பினர் அட்டையின் எண்ணை எழுதியிருக்கிறார், சேர்ந்த வருஷம் 1977 என்று அதற்குக் கீழே. அப்புறம் ஒரு வரி இடம் விட்டு, பெரியப்பா பெயரும் அவர் இறந்த தேதியும். அதோடு நிறுத்தி வைத்திருக்கிறார். நீங்கள் அந்தப் பகுதியைத் தொடங்குவதாக அறிவித்தால் மீதியை எழுதி அனுப்புவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.